மாந்தோப்புக்கும் ஊருக்கும் ஒரே வண்டி: பழைய பிக்கப்பைச் சீர்செய்யும் முறை

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் விவசாயிகளுக்குச் சித்திரை, வைகாசி மாதங்களில் ஒரே கவலைதான். காய் மரத்தில் திரண்டு நிற்கும். பறிக்க ஆளும் வந்துவிடும். அந்தச் சமயம் பார்த்து மலைமேல் கோடை மழை ஒன்று கொட்டும். முதல் நாள் காய்ந்து கிடந்த ஓடை மறுநாள் முழங்கால் அளவு தண்ணீரோடு ஓடும். தோப்புக்கும் தார் ரோட்டுக்கும் இடையே உள்ள இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம் அன்று இருபது கிலோமீட்டராகத் தோன்றும். பறித்த சப்பட்டையும் பஞ்சவர்ணமும் தோப்பிலேயே ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தால் மண்டியில் என்ன விலை கிடைக்கும் என்பதை விவசாயிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்தக் காரணத்தால்தான் இந்தப் பகுதியில் பழைய ஃபோர் வீல் ஜீப்புகளையும் பிக்கப்களையும் வாங்கிப் பழுதுபார்த்து ஓட்டும் பழக்கம் இருந்து வருகிறது. இது நல்ல பழக்கமே. புதிய நாற்சக்கர இயக்க வண்டியின் விலை ஐந்து ஏக்கர் மாந்தோப்புக்காரருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் பழைய வண்டியைச் சீர்செய்வது ஒன்று, அதை வேறு வண்டியாக மாற்ற முற்படுவது மற்றொன்று. இரண்டாவதைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவர்களைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

ஜீப் நமக்குப் புதியதல்ல. மகிந்திரா நிறுவனம் 1947-ஆம் ஆண்டு முதல் வில்லிஸ் ஜீப்புகளை நம் நாட்டில் பூட்டி விற்றது. பின்னர் வந்த எம்.எம். 540 போன்ற வண்டிகளில் பெஜோ வடிவமைப்பிலான 2.1 லிட்டர் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. போடி, சூரியநெல்லி பக்கம் ஏலத்தோட்டத்துக்கும் கொழுக்குமலைக்கும் ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்கள், இந்தப் பழைய வண்டிகளின் பலம் எதில் இருக்கிறது என்று அறிவார்கள். வேகத்தில் இல்லை. கியரில் இருக்கிறது. சாதாரண கியர்ப்பெட்டியோடு சேர்ந்த டிரான்ஸ்ஃபர் பெட்டியில் 'லோ' போட்டால் சக்கரத்தின் இழுவிசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. மாட்டு வண்டி வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலேயே கல்லின் மேல் ஏறி இறங்கலாம். பின்னால் வந்த போலிரோ வகைப் பிக்கப்களிலும் நாற்சக்கர இயக்கம் உள்ள மாதிரிகள் உண்டு. இரு சக்கர இயக்கமுள்ள பிக்கப்பை வாங்கி அதில் முன் அச்சு பொருத்திக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். செலவும் அதிகம், சட்டமும் இடம் தராது.

வாங்கும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்டே பலரும் முடிவு செய்கிறார்கள். நான் முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கச் சொல்வேன். எஞ்சினைப் பிரித்துக் கட்டிவிடலாம். சேஸ் துருப்பிடித்திருந்தால் அது தீராத நோய். ஸ்பிரிங் மாட்டும் தாங்கிகள், ஸ்டீயரிங் பெட்டி பொருந்தும் இடம், குறுக்குச் சட்டங்கள் ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். மணி போல ஒலித்தால் நல்லது. மொத்தென்று கேட்டால் உள்ளே துரு அரித்திருக்கிறது என்று பொருள். புதிதாகக் கருப்புப் பெயிண்ட் அடித்த சேஸை நம்பாதீர்கள்.

அடுத்து, நம் நிலத்தின் தன்மையை நினைவில் கொள்ள வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் ஒரே நாளில் வண்டி மூன்று விதமான மண்ணில் ஓட வேண்டியிருக்கும். மலையடிவாரத்தில் செம்மண்ணும் சரளையும் உருண்டைக் கல்லும், ஓடையில் மணல், கிழக்கே போனால் பருத்தி விளையும் கரிசல். இந்த மூன்றுக்கும் ஏற்ற ஒரே டயர் கிடையாது. ஆழமான பட்டன் வைத்த சேற்று டயர் பார்வைக்கு மிடுக்காக இருக்கும். ஆனால் நனைந்த கரிசல் அந்தப் பட்டன்களின் இடையில் அப்பிக்கொண்டு இரண்டே சுற்றில் டயரை வழவழப்பான உருளையாக்கிவிடும். தார் ரோட்டில் இரைச்சல், தேய்மானம், மழையில் பிரேக் பிடிக்கும்போது வழுக்கல் எல்லாம் கூடவே வரும். தினமும் காலையில் பால் கேனோடு ஊருக்குள் போய்வர வேண்டிய வண்டிக்கு நடுத்தரப் பட்டன் உள்ள டயரே ஏற்றது. நனைந்த கரிசலுக்குச் சரியான மருந்து டயர் அல்ல, ஒரு நாள் பொறுத்திருப்பதுதான்.

ஓடை மணலில் கைகொடுப்பது காற்றுதான். வழக்கமாக வைக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் டயர் பரந்து மண்ணைப் பிடிக்கும், சக்கரம் புதையாது. பாரம் அதிகமிருந்தால் இவ்வளவு குறைக்கக் கூடாது. மணலைக் கடக்கும் வரை மெதுவாகவே ஓட்ட வேண்டும். தார் ரோட்டில் ஏறும் முன் மீண்டும் காற்றை நிரப்பியாக வேண்டும். ஆகவே வண்டியில் ஒரு காலடிப் பம்பும், காற்றழுத்தம் பார்க்கும் மானியும் இருப்பது அவசியம். பல ஆயிரம் ரூபாய் டயர் செய்யாத வேலையை இந்த இரண்டும் செய்யும்.

எனக்குத் தெரிந்த தோப்புக்காரர் ஒருவரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். ஓடைக்கல் வண்டியின் அடிவயிற்றில் இடிக்கிறது என்று ஒரு பட்டறையில் சொன்னார். அவர்கள் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூட்டி, நீளமான ஷேக்கிள் போட்டு வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தினார்கள். 28 அங்குல டயரைக் கழற்றி 31 அங்குல டயர் மாட்டினார்கள். வண்டி யானை மாதிரி நின்றது. அவருக்கும் பெருமை. தொல்லை ஒவ்வொன்றாகத் தலைகாட்டியது. ஸ்டீயரிங் ஆடத் தொடங்கியது. நீண்ட ஷேக்கிளால் முன் அச்சின் சாய்வு மாறிவிட்டதே அதற்குக் காரணம். புரொபெல்லர் தண்டின் ஜாயிண்ட் இரண்டு மாதத்தில் போயிற்று. டயர் பத்தில் ஒரு பங்கு பெரிதானதால் மீட்டர் 50 காட்டும்போது வண்டி 55-இல் போயிற்று; அதே அளவுக்கு இழுவையும் பிரேக்கின் பிடியும் குறைந்தன. பட்டறையில் எல்லாவற்றையும் உயர்த்தியவர்கள் பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸை மட்டும் பழைய நீளத்திலேயே விட்டுவிட்டார்கள். ஒரு வைகாசிக் காலையில் ஓடைக்கரைச் சரிவில் ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி அச்சு தொங்கியபோது அந்த ஹோஸ் இழுபட்டு அறுந்தது. பின்னால் காய்க்கூடைகளும், அவற்றின்மேல் பறிப்பு வேலைக்கு வந்த பெண்கள் ஆறு பேரும் இருந்தார்கள். வண்டி லோ கியரில் இருந்ததால் எஞ்சினே அதைப் பிடித்து நிறுத்தியது. ஒருவருக்கும் காயமில்லை. அவர் இப்போதும் அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும்.

பட்டை கூட்டுவதில் விவசாயிகளுக்கு இன்னொரு நட்டமும் இருக்கிறது. விறைத்த ஸ்பிரிங் அரைப் பாரத்தில் வளையாது; குதிக்கும். அந்தக் குதிப்பு முழுவதும் மாங்காய்மேல்தான் இறங்கும். பறித்த அன்று தெரியாத அடி, பழுக்கும்போது கறுப்புத் திட்டாகத் தெரியும். வியாபாரி அதைக் கழித்துக்கொண்டே பணம் கொடுப்பார். நிறுவனம் கொடுத்த எண்ணிக்கையில் நல்ல பட்டைகள், புதிய புஷ், தரமான ஷாக் அப்சார்பர் ஆகியவை போதும். பட்டை மாற்றினால் யு போல்ட்டுகளை முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு மீண்டும் இறுக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காய்களைக் காம்பில் சிறிது விட்டுப் பறித்து, பால் வடியவிட்டு, சாக்குக்குப் பதில் பிளாஸ்டிக் கிரேட்டில் வைக்கோல் பரப்பி அடுக்கினால் வண்டிக்குச் செய்த செலவில் பாதி திரும்பிவிடும். பூச்சிமருந்து டப்பாவைக் காயோடும் பால் கேனோடும் ஒரே தொட்டியில் ஏற்றாதீர்கள். தொட்டியில் அதற்கென்று மூடியுள்ள சிறு பெட்டி ஒன்று பற்றவைத்துக்கொள்ளலாம். அடி இடிக்கும் தொல்லைக்கு வண்டியை உயர்த்துவதைவிட ஓடை வழியில் பத்துக் கல்லை எடுத்துப் போடுவது மலிவு.

தண்ணீரைக் கடப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெகுதூரம் ஓடி வந்த வண்டியின் அச்சு ஹவுசிங் சூடாக இருக்கும். அது சட்டென்று குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து எதையாவது இழுக்கப் பார்க்கும். அதற்காகத்தான் ஹவுசிங்கின் மேல் பிரீதர் என்ற சிறு மூச்சுத்துளை மூடி இருக்கிறது. அது சேற்றால் அடைபட்டிருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். திறந்திருந்தாலும் தண்ணீர் அந்த மட்டத்துக்கு மேல் வந்தால் அதன் வழியே போகும். ஆகவே பிரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, எஞ்சின் அறைக்குள் உயரமான இடத்தில் கட்டிவிடுங்கள். நூறு இருநூறு ரூபாய் வேலை. ஓடை கடக்கும் வண்டிக்கு வாரம் ஒரு முறை கிரவுன் ஆயில் மூடியைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள். ஆயில் பாலும் டீயும் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. உடனே வடித்து மாற்ற வேண்டும்.

கடந்து ஏறியதும் நூறு அடி தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டினால் டிரம் காய்ந்துவிடும். நனைந்த டிரம் பிரேக் பிடிக்காது என்பதை மேட்டில் ஏறிய பிறகல்ல, முன்பே தெரிந்துகொள்வது நல்லது. தண்ணீரின் வேகம் தெரியாதபோதும், அடி தெரியாமல் கலங்கி ஓடும்போதும் இறங்கக் கூடாது. முழங்காலுக்கு மேல் ஓடும் காட்டாற்று வெள்ளம் வண்டியைப் புரட்டிவிடும். நாற்சக்கர இயக்கம் அங்கே உதவாது.

பழைய ஜீப்புகளில் நாற்சக்கர இயக்கம் மண்ணுக்கு மட்டுமே. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஓடும் தூரம் வேறுபடும். மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க முடியாமல் தண்டும் பல்லும் முறுக்கேறி லிவர் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் லிவரை உதைக்காமல் வண்டியைச் சிறிது பின்னால் எடுத்தால் விடுபடும். ஆறு மாதம் தொடாமல் வைத்திருந்து தேவைப்படும் நாளில் போட்டால் விழாது. மாதம் ஒருமுறை தோப்பு மண்ணில் போட்டு ஓட்டி எடுக்க வேண்டும். காற்று வடிகட்டி எண்ணெய்த் தொட்டி வகையானால், செம்மண் புழுதியில் ஓடும் கோடை மாதங்களில் அந்த எண்ணெயைப் புத்தகத்தில் சொன்னதைவிட விரைவாக மாற்றுங்கள். எஞ்சினுக்கு நான் சொல்லும் அறிவுரை இவ்வளவுதான். அதன் சக்தியைக் கூட்ட முயல வேண்டாம். ரேடியேட்டர் அடைப்பை எடுத்து, டீசல் வடிகட்டியைக் காலத்தில் மாற்றினால் அது உழைக்கும்.

சட்ட விஷயத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நிறுவனம் தந்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எஞ்சினை மாற்ற வேண்டுமானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன் அனுமதி பெற்றுப் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும். முன்னால் கட்டும் இரும்புக் கம்பிக் கூண்டின் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. சொந்த உபயோக ஜீப்புக்கு 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். சரக்கு வண்டியாகப் பதிவான பிக்கப்புக்கு 8 ஆண்டுக்கு மேல் ஆண்டுதோறும் தகுதிச் சான்று தேவை. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-இல் அமைந்தது. 2021 முதல் அந்தப் பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. உங்கள் தோப்புக்குப் போகும் பாதை வனத்தைத் தொட்டால் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆள் ஏற்றும் விஷயம். சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ போகலாம். கூலிக்கு வந்தவர்களைக் கூடைமேல் உட்காரவைத்துப் போய் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்காமல் போகலாம். இழப்பீடு தோப்பை விற்றுக் கொடுக்க வேண்டியதாகிவிடும். பணத்தை விடுங்கள். காலையில் தூக்குவாளியோடு வரும் அந்தப் பெண்கள் மாலையில் பிள்ளைகளிடம் திரும்ப வேண்டும்.

மேலே சொன்ன நண்பர் அந்த டயர்களை விற்றார், ஷேக்கிளைக் கழற்றினார், நான்கு சக்கரத்துக்கும் புதிய பிரேக் ஹோஸ் போட்டார். பறிப்பவர்கள் இப்போது ஓடை வரை வேனில் வந்து, நடந்தே கரையேறுகிறார்கள். ஜீப் காயை மட்டும் சுமக்கிறது. ஆவணி பிறந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் இரண்டு கிரவுன் ஆயிலையும் டிரான்ஸ்ஃபர் பெட்டி ஆயிலையும் வடித்து வெள்ளைத் தட்டில் பார்ப்பது. சென்ற முறை முன் அச்சு ஆயில் மட்டும் சற்று வெளுத்திருந்தது. சீலை மாற்றிவிட்டார்.