வைரத் தோடு வந்த வழி

"இது அசல் ப்ளூ ஜாகர்டி! உங்க பெரியப்பா ஆசை ஆசையா வாங்கிப் போட்டது."

கே.ஜி.கண்டிகையில் இருக்கும் என் பெரியம்மா தன் ஏழு கல் தோட்டைப் பற்றி இப்படித்தான் சொல்வார். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறும்போது மட்டும் பெட்டியை விட்டு வெளியே வரும் தோடு அது. பேத்தியின் கல்யாணத்துக்குப் புதிதாகக் கட்டிக் கொடுக்கலாம் என்று கடைக்கு எடுத்துப் போனபோதுதான் தலையில் இடி விழுந்தது. பதினான்கு கல்லில் மூன்று கல் வைரமே இல்லையாம்! வாங்கிய இடத்தில் கேட்கலாம் என்றால், ரசீதில் 'தோடு ஒரு ஜோடி' என்பதைத் தவிர ஒரு வரி இல்லை.

பெரியம்மாவின் மருமகள் அனந்தபூர் பக்கத்துப் பெண். "எங்க ஊர்ப் பக்கம் வயல்ல வைரம் எடுக்கிறவங்களும் இப்படித்தான் ஏமாந்து போறாங்க, அத்தை" என்றாள் அவள். வயலில் வைரமா? கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது.

பூமி என்னும் அடுப்பு

வைரமும் அடுப்புக்கரியும் ஒரே சரக்குதான். இரண்டும் கார்பன். பூமிக்கு அடியில் நூற்றைம்பது கிலோ மீட்டருக்கும் கீழே, ஆயிரம் டிகிரி சூட்டிலும் பயங்கர அழுத்தத்திலும் கார்பன் அணுக்கள் நெருங்கிப் பிணைந்து வைரமாகின்றன. பெரும்பாலான வைரங்களின் வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல்!

அவ்வளவு ஆழத்திலிருந்து மேலே கொண்டு வந்தது யார்? எரிமலைதான். கிம்பர்லைட் என்ற பாறைக் குழம்பு பூமியைத் துளைத்துக்கொண்டு வேகமாக மேலே பொங்கியபோது வைரத்தையும் வாரிக்கொண்டு வந்தது. அனந்தபூர் மாவட்டத்து வஜ்ரகரூரில் அப்படிப்பட்ட பாறைகள் இருக்கின்றன. ஊர்ப் பெயரிலேயே வஜ்ரம் இருக்கிறது, பாருங்கள்! அவை பொங்கி வந்து சுமார் 110 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பாறை தேய்ந்து மண்ணாகி, மழைத் தண்ணீரோடு வைரமும் வயல்களுக்கும் ஆற்றுப் படுகைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

அதனால்தான் முதல் மழை பெய்ததும் வஜ்ரகரூர், ஜொன்னகிரி, துக்கலி பக்கம் ஜனங்கள் வயல்களில் குனிந்த தலை நிமிராமல் கல் தேடுகிறார்கள். குழந்தை குட்டிகளோடு வெளியூரிலிருந்து வருகிறவர்களும் உண்டு. எப்போதோ ஒருவருக்குத்தான் அதிர்ஷ்டம். அவருக்கும் கல்லின் மதிப்புத் தெரியாது. வியாபாரி சொன்னதுதான் விலை.

கொல்லூரிலிருந்து மதராஸுக்கு

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கிடைக்கும் வரை, உலகத்துக்கே வைரம் கொடுத்தது பெரும்பாலும் நம் நாடுதான். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த கொல்லூர்ச் சுரங்கத்தில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக அறுபதாயிரம் பேர் வேலை செய்ததாக தாவர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி எழுதி வைத்திருக்கிறார். மதராஸ் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட், கிருஷ்ணா பக்கத்துச் சுரங்கத்தில் கிடைத்த 410 காரட் கல் ஒன்றை 1701-ஆம் ஆண்டு வாக்கில் 48,000 வராகனுக்கு வாங்கினார். 1717-இல் அது பிரான்ஸ் ராஜ குடும்பத்துக்கு விலை போயிற்று. இன்று பாரிஸ் லூவர் மியூசியத்தில் இருக்கிறது. தோண்டி எடுத்தவரின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது!

இன்று எந்த நாட்டுச் சுரங்கத்தில் எடுத்தாலும் வைரம் பெரும்பாலும் சூரத்துக்கு வந்துதான் பட்டை தீட்டிக்கொள்கிறது. உலகில் விற்கும் பத்து வைரங்களில் ஒன்பது அங்கே தீட்டப்பட்டவை என்பார்கள். தீட்டும்போது கல்லின் எடையில் பாதிக்கு மேல் தேய்ந்து போவதும் உண்டு. பிறகு மொத்த வியாபாரி, தரகர், நகைக்கடை என்று கை மாறி நம் காதுக்கு வருகிறது.

ஆக, இந்த நீண்ட பாதையின் இரண்டு முனைகளில் இருப்பவர்களுக்குத்தான் விவரம் குறைவு. ஒருவர் வயலில் கல் எடுப்பவர். இன்னொருவர் நாம்!

வாங்கும்போது என்ன கேட்பது?

பெரியம்மா பெருமைப்பட்ட 'ஜாகர்' ஓர் ஊர்ப் பெயர். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்து நீலச்சாயல் வைரத்துக்கு வந்த பேர். அந்தச் சுரங்கம் 1970-களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டுவிட்டது. ஆகவே பேரைக் கேட்டு மயங்காமல், கல்லின் எடை, நிறம், சுத்தம், பட்டை ஆகிய நான்கையும் கேளுங்கள். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். நூறு சென்ட் ஒரு காரட்.

நகையில் உள்ள ஹால்மார்க் முத்திரை தங்கத்துக்கு மட்டும்தான், கல்லுக்கு அல்ல. கல்லுக்கு ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற பரிசோதனைக் கூடங்களின் சான்றிதழ் வேண்டும். ரசீதில் தங்கத்தின் எடை தனி, கல்லின் எடை தனி என்று எழுதச் சொல்லுங்கள். கல்லையும் சேர்த்துத் தங்க விலை போட்டுவிடக் கூடாதல்லவா?

இப்போது ஆய்வுக்கூடத்தில் சில வாரங்களில் வளர்க்கும் வைரமும் வந்திருக்கிறது. அதுவும் அசல் கார்பன்தான். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கடையில் வைத்துப் பார்க்கும் சாதாரண டெஸ்டரும் அதை வைரம் என்றே காட்டும். விலையோ மிகவும் குறைவு. வாங்குவதில் தப்பில்லை, எது என்று தெரிந்து வாங்க வேண்டும். அமெரிக்கன் டயமண்ட் வைரமே அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டில் பராமரிப்பு

வைரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எளிதில் ஒட்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது தோட்டைக் கழற்றி விடுங்கள். ஓப்பன் செட்டிங் என்றால், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். பின்பக்கம் மூடிய பழைய கட்டாக இருந்தால் தண்ணீரில் ஊற வைக்க வேண்டாம். உள்ளே ஈரம் இறங்கிக் கல் மங்கிவிடும். மற்ற நகைகளோடு சேர்த்துப் போட்டால் வைரம் அவற்றைக் கீறிவிடும். தனிப் பெட்டி நல்லது.

பெரியம்மா மூன்று கல்லை மாற்றித் தோட்டைப் புதிதாகக் கட்டிவிட்டார். இந்தத் தடவை கல் கல்லாக எடை எழுதிய ரசீதும் சான்றிதழும் வாங்கி, தோட்டோடு பேத்தியின் கையில் கொடுத்தார்.

"தோட்டைத் தொலைச்சாலும் தொலை, இந்தக் காகிதத்தைத் தொலைச்சிடாதே!" என்று சிரித்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது.