குடல் குழியின் அடியில் ஒரு செல்

நம் சிறுகுடலின் உட்சுவரை மூடியிருக்கும் செல்களுக்கு ஆயுள் ஏறக்குறைய ஐந்தே நாள். பித்தநீர், செரிமான நொதிகள், எண்ணற்ற பாக்டீரியாக்கள் என எல்லாம் உரசிக்கொண்டே இருக்கும் இடத்தில் எந்தச் செல்லாலும் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியிலிருந்து பழைய செல்கள் உதிர்கின்றன. அடியிலுள்ள நுண்குழிகளிலிருந்து புதியவை மேலேறி வந்து அந்த இடத்தை நிரப்புகின்றன. அப்படியானால் அந்தக் குழிக்குள் எங்கோ, புதியவற்றை ஈன்றுகொண்டே இருக்கும் ஒரு ஸ்டெம் செல் இருந்தாக வேண்டும். அது எந்தச் செல் என்பதில்தான் உயிரியலாளர்களுக்குள் நெடுங்காலம் வழக்கு நீடித்தது.

வழக்கைத் தீர்த்துவைத்த ஹான்ஸ் கிளீவர்ஸ், நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹூபிரெக்ட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். அவர் குடலைத் தேடி வந்தவர் அல்லர், நோயெதிர்ப்பியலில் தொடங்கியவர். நோயெதிர்ப்புச் செல்வகையான டி செல்கள் எப்படி உருவாகின்றன என்ற கேள்வியைத் துரத்திக்கொண்டு போனபோது, 1991இல் அவருடைய குழு டிசிஎஃப்1 என்ற புரதத்தை இனங்கண்டது. மரபணுக்களை முடுக்கிவிடும் புரதம் அது. அதே குடும்பத்தைச் சேர்ந்த டிசிஎஃப்4 குடலில் இருந்தது. அந்த மரபணு நீக்கப்பட்ட எலிகள் பிறந்த கொஞ்ச காலத்திலேயே இறந்துபோயின. அவற்றின் சிறுகுடலில் பிரிந்து பெருகும் செல்களே இல்லை. இது 1998இல் வெளியான முடிவு.

அதற்கு முந்தைய ஆண்டே இன்னொரு உண்மை வெளிவந்திருந்தது. டிசிஎஃப் புரதங்களை இயக்குவது 'விண்ட்' எனப்படும் சமிக்ஞைப் பாதை. அந்தச் சமிக்ஞையைக் குடலில் அளவோடு நிறுத்திவைப்பது ஏபிசி என்ற மரபணு. பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் இந்த ஏபிசி பழுதாகியிருக்கும். பழுதானதும் சமிக்ஞை நிற்காமல் ஓடுகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பெர்ட் வோகல்ஸ்டைன் குழுவோடு சேர்ந்து கிளீவர்ஸ் காட்டியது இதைத்தான். விண்ட் சமிக்ஞை அறவே இல்லையென்றால் குடலே நிலைக்காது. ஓயாமல் இருந்தால் புற்றுநோய். நம்மை அன்றாடம் புதுப்பிக்கிற அதே பொறி கட்டு மீறுவதுதான் இந்த நோய் என்று தெளிவானபோது, புற்றுநோயை எங்கிருந்தோ வந்து புகுந்த அந்நியனாகப் பார்க்கும் பார்வை எனக்குப் போதாததாகத் தோன்றத் தொடங்கியது.

இனி குழிக்குள் இருக்கும் செல். விண்ட் சமிக்ஞையால் முடுக்கப்படும் மரபணுக்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் குடலில் எங்கே இயங்குகிறது என்று குழு தேடியது. அவற்றில் எல்ஜிஆர்5 என்ற மரபணு, குழியின் அடித்தளத்தில் பேனெத் என்ற வேறுவகைச் செல்களுக்கு நடுவே நெருக்கியடித்து நிற்கும் ஒல்லியான சில செல்களில் மட்டும் இயங்கியது. கனடாவின் மாண்ட்ரியலில் சார்லஸ் லெப்லாந்தும் ஹேசல் செங்கும் 1974லேயே இந்த ஒல்லிச் செல்கள்தாம் ஸ்டெம் செல்கள் என்று சொல்லியிருந்தார்கள். அது பரவலாக ஏற்கப்படவில்லை. உண்மையான ஸ்டெம் செல் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும், அபூர்வமாகத்தான் பிரியும் என்பது அன்றைய பாடம். இவையோ நாளுக்கொரு முறை பிரிபவை.

கிளீவர்ஸ் குழுவின் நிக் பார்க்கர் ஒரு வழி கண்டார். எல்ஜிஆர்5 செல்லும் அதன் வழிவரும் எல்லாச் செல்களும் நீலநிறச் சாயம் ஏற்கும்படி எலியின் மரபணுக்களை மாற்றினார். சில நாட்களில் குழியின் அடியிலிருந்து குடலுறிஞ்சியின் நுனிவரை நீலப் பட்டைகள் எழுந்தன. அறுபது நாள் கழித்துப் பார்த்தபோதும் அவை அப்படியே இருந்தன. ஐந்து நாள் ஆயுள் கொண்ட திசுவில் அறுபது நாள் நீடிக்கும் நீலம் என்றால், அடியிலிருக்கும் அந்தச் செல் வாழையடி வாழையாகப் புதிய செல்களை ஈன்றுகொண்டே இருக்கிறது என்று பொருள். 2007இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு லெப்லாந்தின் கூற்றை மறுப்பது கடினமாயிற்று.

பிறகு வந்தவர் தோஷிரோ சாதோ, ஜப்பானிலிருந்து வந்த குடல்நோய் மருத்துவர். ஒரே ஒரு எல்ஜிஆர்5 செல்லைப் பிரித்தெடுத்தார். எலிக் கட்டி ஒன்றிலிருந்து எடுக்கப்படும் மேட்ரிஜெல் என்ற களிக்குள் வைத்தார். இஜிஎஃப், நாகின், ஆர்-ஸ்பாண்டின் என மூன்று வளர்ச்சிப் புரதங்களை ஊட்டினார். சுற்றியுள்ள மற்றத் திசுக்களின் துணையின்றி இத்தகைய செல் வெளியே வாழாது என்பது அன்றைய எண்ணம். அது வாழ்ந்தது, அதோடு நிற்கவும் இல்லை. உள்ளே வெற்றிடம் கொண்ட பையாகி, அதன் சுவரில் குழிகள் மொட்டுவிட்டு, அந்தக் குழிகளின் அடியில் ஸ்டெம் செல்களும் பேனெத் செல்களும் தத்தம் இடத்தில் அமர்ந்தன. எங்கே எது அமைய வேண்டும் என்று யாரும் வழிகாட்டவில்லை. 2009இல் வெளிவந்த இந்தக் குட்டிக் குடல்தான், இன்று உலகமெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் 'ஆர்கனாய்டு'களில் பெரும்பகுதிக்கு முன்னோடி. அடுத்து மனிதக் குடல், கல்லீரல், கணையம் என வரிசை நீண்டது. கேப் பவளப் பாம்பின் விஷச் சுரப்பியைக்கூட இக்குழு வளர்த்துவிட்டது. அதிலிருந்து விஷமும் சுரந்தது.

புற்றுநோய் எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்பதைக் கண்முன் காட்டியது 2015இல் வந்த ஒரு சோதனை. ஆரோக்கியமான மனிதக் குடல் ஆர்கனாய்டில் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த உத்தி மூலம் ஏபிசி, பி53, கேராஸ், ஸ்மேட்4 ஆகிய நான்கு மரபணுக்களை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றமும் அந்தச் செல்லுக்கு ஒரு விடுதலை. ஏபிசி போனால் விண்ட் ஊட்டம் இல்லாமலே வளர்கிறது. கேராஸ் மாறினால் இஜிஎஃப் தேவையில்லை. ஸ்மேட்4 போனால் நாகினும் வேண்டாம். பி53 இழந்தவை, மற்றச் செல்களை மடியவைக்கும் மருந்துக்கும் அசையவில்லை. நான்கும் சேர்ந்தவற்றை எலிக்குள் வைத்தபோது அண்டைத் திசுக்களை ஊடுருவும் புற்றுக்கட்டிகள் எழுந்தன. அதுவரை கட்டிகளை அறுத்துப் பார்த்து, என்ன நடந்திருக்கும் என்று பின்னோக்கி ஊகித்தவர்களுக்கு, தொடக்கத்திலிருந்து முன்னோக்கிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. கிளீவர்ஸின் பணிகளில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான்.

2020இல் இன்னொன்று. சிலருடைய குடலில் வாழும் ஒருவகை ஈ.கோலை பாக்டீரியா, கோலிபாக்டின் என்ற நச்சைச் சுரக்கிறது. அந்தப் பாக்டீரியாவை மனிதக் குடல் ஆர்கனாய்டுகளுக்குள் ஐந்து மாதம் திரும்பத் திரும்பச் செலுத்தி, பின்னர் டிஎன்ஏவைப் படித்தார்கள். தனி அடையாளம் கொண்ட சேதத் தடங்கள் அதில் பதிந்திருந்தன. அதே தடங்கள் சில நோயாளிகளின் பெருங்குடல் கட்டிகளிலும் இருந்தன.

மருத்துவத்தில் முதலில் பலன் கண்டவர்கள் புற்றுநோயாளிகள் அல்லர், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்கள். உப்பையும் நீரையும் கடத்தும் ஒரு புரதம் பழுதாகி நுரையீரலில் சளி கெட்டிப்படும் நோய் அது. நோயாளியின் மலக்குடலிலிருந்து கிள்ளியெடுத்த துணுக்கில் ஆர்கனாய்டு வளர்த்து, மருந்திட்டு, அது நீர் ஏறி உப்புகிறதா என்று பார்க்கும் முறையை உட்ரெக்டில் ஜெஃப்ரி பீக்மன் குழு உருவாக்கியது. அப்படி வீங்கினால் மருந்து பலிக்கும். மருந்து நிறுவனங்களின் பரிசோதனைகளில் இடம்பெறாத அரிய மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கும் இதனால் கதவு திறந்தது.

புற்றுநோயில் பாதை இன்னும் கரடுமுரடானது. லண்டன் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், நோயாளியின் கட்டியிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டில் தோற்ற மருந்து அந்த நோயாளியிடமும் தோற்றது. விதிவிலக்கு ஒன்றும் இல்லை. ஆர்கனாய்டில் பலித்தது நோயாளியிடம் பலித்த வீதம் 88%. நம்பிக்கை தரும் எண்கள்தாம். ஆனால் எல்லாக் கட்டிகளும் களிக்குள் வளர்ந்துவிடுவதில்லை. வளர்வதற்கும் வாரங்கள் பிடிக்கும், முற்றிய நோயில் அந்த வாரங்கள் மிக விலையுயர்ந்தவை. ஆர்கனாய்டுக்குள் இரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை, நோயெதிர்ப்புச் செல்களும் இல்லை. ஆகவே நோயெதிர்ப்பைத் தூண்டும் இன்றைய மருந்துகளை அதில் நேரடியாகச் சோதிக்க முடியாது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு குழு, நோயாளியின் கட்டியில் வளர்த்த ஆர்கனாய்டோடு அவருடைய இரத்தத்திலிருந்தே எடுத்த டி செல்களையும் ஒரே தட்டில் சேர்த்து வளர்த்துப் பார்த்தது. சில நோயாளிகளின் டி செல்கள் கட்டியை அடையாளம் கண்டு கொல்லக் கற்றுக்கொண்டன.