நாற்பது ஆண்டு வேலை

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கிறதே, அந்த நெடியைச் சிறுநீரின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. வெளியேறும் நேரத்தில் அதற்கு அவ்வளவு வாடை கிடையாது. அதிலுள்ள யூரியாவைத் தரையில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உடைக்கின்றன. அப்போது கிளம்பும் அம்மோனியாதான் மூக்கைத் துளைக்கிறது.

யூரியா தானாக உடையாதா? உடையும். 25 டிகிரி வெப்பத்தில் வெறும் தண்ணீரில் கரைத்து வைத்தால், பாதி சிதைவதற்குள் சுமார் 40 ஆண்டுகள் ஓடிவிடும். பாக்டீரியாவிடம் உள்ள யூரியேஸ் என்ற நொதியின் ஒரே ஒரு மூலக்கூறு, விநாடிக்கு ஆயிரக்கணக்கில் யூரியாவை உடைத்துத் தள்ளுகிறது.

நமக்கு அவசரமென்றால் அடுப்பைக் கூட்டலாம். உயிருக்குள் அது நடக்காது. இருக்கிற சூட்டிலேயே காரியம் முடிய வேண்டும். யூரியாவோ அழுத்தமான ஆள். நடுவிலுள்ள கார்பனுக்கு இருபுறமும் நைட்ரஜன்கள் எலெக்ட்ரான்களைக் கொடுத்து முட்டுக் கொடுப்பதால், தண்ணீர் வந்து மோதினாலும் அசைவதில்லை. யூரியேஸின் குழிவுக்குள் இரண்டு நிக்கல் அணுக்கள் உண்டு. அவை யூரியாவின் ஆக்சிஜனைப் பிடித்து இழுக்க, முட்டு தளர்ந்து கார்பன் தனித்து நிற்கிறது. அதே நிக்கல்களின் பிடியில், ஒரு ஹைட்ரஜனை இழந்து வீரியம் ஏறிய தண்ணீர் சரியான கோணத்தில் காத்திருக்கிறது. எப்போதோ அதிர்ஷ்டத்தால் நேர வேண்டிய மோதல், இங்கே ஏற்பாடாகவே நடக்கிறது. முடிந்ததும் குழிவு காலி. நொதி அடுத்ததற்குத் தயார். பள்ளியில் பூட்டும் சாவியும் என்று படித்தோம். எனக்கு அந்த உவமை போதவில்லை. எந்தச் சாவியும் பூட்டுக்குள் போய் இரண்டாக உடைவதில்லையே.

இந்த யூரியேஸ்தான் முதன்முதலில் படிகமாக்கப்பட்ட நொதி. நம் தம்பட்டங்காயின் நெருங்கிய உறவான ஜாக் பீன் கொட்டையிலிருந்து அதை 1926இல் பிரித்தவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர். இடக்கைப் பழக்கமுள்ள அவர், 17 வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் இடக்கையையே இழந்தவர். நொதி என்பது புரதமே என்று அவர் சொன்னதைப் பெரிய வேதியியலாளர்கள் பல ஆண்டுகள் ஏற்கவில்லை. நோபல் பரிசு 1946இல்தான் வந்தது.

நம் உடல் யூரியேஸைத் தயாரிப்பதில்லை. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி தயாரிக்கிறது. அம்மோனியாவால் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு அங்கே பிழைக்கிறது. மருத்துவர்கள் அதைக் கண்டுபிடிக்கும் வழியும் இதுவே. அடையாளமிட்ட கார்பன் கொண்ட யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, சிறிது நேரம் கழித்து ஒரு பையில் ஊதச் சொல்கிறார்கள். மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடில் அந்தக் கார்பன் தென்பட்டால், கிருமி உள்ளே இருக்கிறது.