உங்களுக்குத் தெரியுமா? பேங்க் மஞ்சள் நோட்டீஸ் கொடுக்காது!

கடன் முற்றினால் தனி ஆள் கோர்ட்டில் ஐ.பி. என்ற திவால் மனு போடலாம், ஊர்ப் பேச்சில் மஞ்சள் நோட்டீஸ். பிழைப்புக்குத் தேவையென்று கோர்ட் கருதும் உழவு மாடும் விதைநெல்லும் ஜப்தியிலிருந்து தப்பும். பேங்க் போன்ற கம்பெனிக்கு அந்தச் சலுகை இல்லை, அதைக் ‘கலைத்து’ விடுவார்கள்.

திருவிதாங்கூர் சமஸ்தானம் இருந்த காலம். 1937-இல் இரண்டு பேங்குகள் சேர்ந்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க், 1938 ஜூனில் பணம் கொடுப்பதை நிறுத்தியது. திவான் சி.பி. ராமசாமி ஐயரின் அரசியல் பகைதான் காரணம் என்றும் பேச்சு உண்டு. பேங்கை நடத்திய கே.சி. மாம்மன் மாப்பிள்ளையும் சி.பி. மாத்தனும் கைதானார்கள், பேங்க் கலைப்புக்குப் போனது.

கலைப்பில் சொத்தெல்லாம் லிக்விடேட்டர் கைக்குப் போகும். ஈடு வாங்கிக் கடன் தந்தவர் ஈட்டைப் பிடித்துக்கொள்வார். பாஸ்புக் வைத்திருப்பவர்? சட்டத்தின் கண்ணில் அவர் ஈடில்லாமல் கடன் கொடுத்த ஏமாளி! அன்று அவருக்கு ரூபாய்க்கு இத்தனை அணா என்று மிச்சத்தில் பங்குதான். அந்தப் பங்குக்கும் பெயர் டிவிடெண்ட், கொடுமை.

1960-இல் பாலா சென்ட்ரல் பேங்க் மூடிய பிறகே, 1962-இல் டெபாசிட் இன்சூரன்ஸ் வந்தது. அன்றைய வரம்பு 1,500 ரூபாய். 2020 முதல் 5 லட்சம், வட்டியும் சேர்த்து.