பொறியியற் கலாநிதிப் பட்டம்: நுழைவும் நிறைவும்

பட்டமொன்றின் விதிகளுள், கல்வியின் வாயிலை யாருக்குத் திறப்பது என்ற சமூகத் தீர்மானமும் அடங்கியுள்ளது. 1971ஆம் ஆண்டு அனுமதியில் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்களமொழி மூல மாணவர்க்கு 227 புள்ளிகளும் தமிழ்மொழி மூல மாணவர்க்கு 250 புள்ளிகளும் எல்லையாக வகுக்கப்பட்டமையை நாம் அறிவோம். முதற்பட்ட வாயிலில் தடுக்கப்பட்டவர் ஆய்வின் வாயிலை அடைவது அரிது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கத் தொடங்கியது 2014இலேயே.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதுதத்துவமாணி 11ஆம் மட்டம். கலாநிதி 12ஆம் மட்டம். கலாநிதிப் பட்டத்தின் நுழைவுக்கு உரிய முற்பட்டம், ஆய்வு முன்மொழிவு, மேற்பார்வையாளர் ஆகியன வேண்டும். நிறைவுக்குப் புதிய அறிவைத் தரும் ஆய்வேடும், அதனைப் பரீட்சகர் முன் நிலைநாட்டும் வாய்மொழிப் பரீட்சையும் வேண்டும். பிறர் வினாவுக்கு விடையெழுதிப் பழகியவர் இங்கு தாமே வினா எழுப்பவேண்டியவராகிறார்.

அவ்வினா நம் மண்ணிலேயே உண்டு. வற்றாத ஆறில்லாத குடாநாட்டுக்குச் சுண்ணக்கற் பாறையின் நிலத்தடி நீரே ஆதாரம். அதில் உவர்நீரும் உரங்களின் நைத்திரேற்றும் கலந்துவருகின்றன. இதனை ஆராய முற்படுவோர்க்கு ஆய்வுகூடமும் உதவிப்பணமும் முழுநேர ஆய்வுக்கான வாய்ப்பும் கிட்டாவிடின், விதிகள் ஏட்டளவிலேயே நின்றுவிடும் என்பதை நாம் வலியுறுத்துகிறோம்.