துப்பாக்கி இல்லாத ஊரில் வேட்டை நாய்

சிறுசேரி சிப்காட்டைச் சுற்றி எழுந்த அடுக்குமாடிகளிலிருந்து விடிகாலையில் நாயோடு இறங்குகிறவர்களைப் பார்த்தால், லேப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் காக்கர் ஸ்பேனியலும் தவறாமல் கண்ணில் படும். குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும், யாரையும் கடிக்காது என்று சொல்லி வாங்கிவந்த செல்லங்கள். பிறப்பில் மூன்றுமே பறவை வேட்டை நாய்கள். புதருக்குள் நுழைந்து பறவையைக் கிளப்புவது ஸ்பேனியலின் வேலை. சுடப்பட்டு விழுந்ததைத் தேடி, பல் படாமல் கவ்விவந்து கையில் கொடுப்பது ரெட்ரீவரின் வேலை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களிடம் இருந்த நாயின் வழிவந்த லேப்ரடாரைப் பிரிட்டிஷ் பிரபுக்கள் வேட்டைக்காக வளர்த்தெடுத்தார்கள். 1903-ல் அங்கத்திய கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றது. விரலிடைச் சவ்வும் தண்ணீர் ஒட்டாத இரட்டை ரோமமும் பத்தாவது மாடி சோபாவுக்காக வந்தவை அல்ல. இந்த நாய்கள் நம்பகமாக இருக்க வேண்டுமானால் துப்பாக்கிக்காரர்கள் கொடுத்த பயிற்சியையே நாமும் கொடுக்க வேண்டும் என்கிறேன். அந்தப் பயிற்சியில் பெரும்பகுதி, துரத்தாமல் இருக்கப் பழக்குவதுதான்.

பறவை எழுந்ததும் நாயும் பாய்ந்தால் குண்டு நாய்மேல் பட்டுவிடும். ஆகவே முதல் பாடமே உட்கார்ந்திருப்பது. துணி திணித்த பழைய சாக்ஸ் ஒன்றை, பயிற்சியாளர்கள் டம்மி என்பார்கள், நாயின் கண்ணெதிரே எறிகிறார்கள். நாய் எகிறும், விடமாட்டார்கள். பெரும்பாலும் எறிந்தவரே நடந்துபோய் எடுத்துவருவார், நாய் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உடம்பு நடுங்கும், எச்சில் ஒழுகும், பின்பக்கம் தரையைவிட்டு அரை அங்குலம் எழுந்து மறுபடி அமரும். பயிற்சி அந்த அரை அங்குலத்தில் நடக்கிறது. பெயர் சொல்லி அனுப்பினால்தான் ஓடலாம். அந்த ஓட்டமே அதற்குக் கூலி. அப்புறம் விசில்: நீளமாக ஒரு ஊதலுக்கு ஓடுகிற இடத்திலேயே உட்கார வேண்டும், விட்டுவிட்டு ஊதினால் திரும்ப வேண்டும். ஹாலில் பிஸ்கட்டைக் காட்டிச் சொல்லிக்கொடுத்த 'சிட்', காலடியிலிருந்து ஓர் ஆள்காட்டிக் குருவி அலறிக்கொண்டு எழும்போது தாங்காது. ஆசை மூண்ட நேரத்தில் அடங்கப் பழகாத நாய்க்கு மற்ற நேரத்து அடக்கம் வெறும் வித்தை.

வேட்டையே குற்றம் என்றான பிறகு வேட்டைப் புத்தியை எதற்குத் தட்டி எழுப்ப வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சிறு வேட்டைக்கு உரிமம் பெற இடம் வைத்திருந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவையும் சாத்தியது. இதே செங்கல்பட்டுச் சீமையில், வெள்ளைச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து முறையிட்ட வேடந்தாங்கல் ஊரார், கலெக்டர் லயனல் பிளேஸிடம் 1798-லேயே தடை வாங்கினார்கள். அந்தப் பக்கத்தில்தான் நானும் நிற்கிறேன். ஆனால் புத்தி தூங்கிக்கொண்டிருக்கவில்லை; புறாவைக் கண்டதும் பெல்ட்டை அறுக்கும் நாயைக் கேளுங்கள். பயிற்சி தருவது பிரேக்கை மட்டும். கொலையை நீக்கிவிட்டாலும் இந்தத் திறமை பிழைக்கும் என்பதற்கு நியூசிலாந்து சாட்சி: 1890-களில் ரிச்சர்ட் ஹென்றி, பறக்கத் தெரியாத காகாபோ கிளிகளைக் காப்பாற்றித் தீவுக்குக் கொண்டுபோக, வாய்ப்பூட்டு மாட்டிய நாயை வைத்தே அவற்றைக் கண்டுபிடித்தார். இந்தியாவிலும், வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2008 முதல் புலித்தோலையும் தந்தத்தையும் மோப்பம் பிடிக்கும் நாய்களை வனத்துறைகளுக்குத் தயார்செய்து தருகிறது. வேட்டைக்காரனின் நாய் வேட்டைக்காரனையே பிடிக்கிறது.

நம்மூர் நாய் இருக்க இதெல்லாம் எதற்கு என்பது இன்னொரு வாதம். புதிதாக வாங்குகிறவருக்கு நானும் அதையே சொல்வேன். இந்த வெயிலுக்கு இரட்டை ரோமம் தண்டனை. ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் கண்டு விரட்டும் நாய்கள், அவற்றின் பாடம் வேறு. தவிர, ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்ட லேப்ரடாரை என்ன செய்வது? நாலு சாத்து சாத்தினால் சரியாகும் என்பவர்களுக்கும், ஷாக் காலர் வாங்குகிறவர்களுக்கும் ஒரு செய்தி: வேல்ஸ் நாடு அந்தக் காலரை 2010-லேயே தடைசெய்துவிட்டது. வலிக்குப் பயந்த நாய் எதைக் கண்டு பயந்தது என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. லேப்ரடாருக்கு அடி தேவையும் இல்லை. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் கண்டபடி, ஏறத்தாழ நாலில் ஒரு லேப்ரடாருக்கு பசியை அடக்கும் மரபணுவில் ஒரு துண்டு குறைகிறது. பிஸ்கட் டப்பா திறக்கும் சத்தத்துக்கே அது சொன்னதைக் கேட்கும். எடை ஏறுவதுதான் தொல்லை.

இடம்தான் பிரச்சினை. ஏரிக்கரையும், பிளாட் போட்டுக் கல் நட்டு வருஷக்கணக்கில் காலியாகக் கிடக்கும் மனைகளும் பயிற்சிக்கு வாகாகத் தோன்றும். அதே மனைகளில்தான் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆள்காட்டி வெறும் தரையில், ஜல்லியோடு ஜல்லியாகத் தெரியும் முட்டைகளை இடுகிறது. மிதித்த பிறகுதான் முட்டை என்று தெரியும். அந்த மாதங்களில் அங்கே நாயை அவிழ்த்துவிடாதீர்கள். முதல் பாடங்களுக்கு பேஸ்மென்ட் பார்க்கிங் போதும். வெயில் ஏறுமுன் பத்து நிமிஷம், ஒரு பழைய சாக்ஸ், நீளக் கயிறு. வாட்ச்மேன் சிரிப்பார், சிரிக்கட்டும்.