முகத்தைத் தாக்கும் நரம்பு வலி: சட்டம் சொல்வது அருகில், சிகிச்சை இருப்பது தொலைவில்

புதுதில்லி: பல் துலக்கினால் வலி, ஒரு வாய் சோற்றை மென்றால் வலி, மின்விசிறிக் காற்று கன்னத்தில் பட்டாலும் மின்சாரம் பாய்ந்தது போன்ற வலி. சில விநாடிகளில் அடங்கி, மீண்டும் தாக்கும். பல்வலி என்று எண்ணி நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு.

முகத்துக்கு உணர்வூட்டும் முக்கிளை நரம்பில் எழும் இந்த வலி, பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கே வருவது. ஆனால், நரம்பிழைகளின் உறையை உடலின் எதிர்ப்பாற்றலே அரிக்கும் 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' நோயாளிகளுக்கு இளம் வயதிலேயே வரக்கூடும். அவர்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேர் வரை இதனால் அவதியுறுகின்றனர். சிலருக்கு இரு கன்னங்களிலும் வலிக்கும்.

2016 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக விரித்தபோது இந்நோயும் அதில் இடம்பெற்றது. மாற்றுத்திறனாளிகளுக்கு, குறிப்பாகக் கிராமப்புறங்களில், வருமான வரம்புக்கு உட்பட்டு வசிப்பிடத்துக்கு அருகிலேயே இலவச மருத்துவ வசதி அளிக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 25ஆவது பிரிவு.

மருந்தே முதல் படி

முதலில் தரப்படுவது 'கார்பமசிபின்' மாத்திரை. இது மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. வலியைத் தணிக்கும், ஆனால் தூக்கக் கலக்கம், தள்ளாட்டம் தரும். ஏற்கெனவே நடை தளர்ந்த நோயாளிக்கு, மூல நோயே முற்றிவிட்டதோ என்ற மயக்கத்தையும் ஏற்படுத்தும். எனவே சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவதும், ரத்தத்தில் சோடியம் அளவைக் கவனிப்பதும் அவசியம். தோலில் தடிப்பு தோன்றினால் உடனே மருத்துவரை நாட வேண்டும். இம்மருந்து ஒவ்வாதவர்களுக்கு ஆக்ஸ்கார்பசிபின், லாமோட்ரிஜின், கபாபென்டின், பேக்லோஃபென் ஆகியவை மாற்று வழிகள்.

அறுவை சிகிச்சையில் வேறுபாடு

நரம்பை அழுத்தும் ரத்தக் குழாயை விலக்கும் அறுவை சிகிச்சை, மற்றவர்களுக்குத் தரும் அளவு பலனை இவர்களுக்குத் தருவதில்லை. பழுது பெரும்பாலும் மூளைத்தண்டில், நரம்பு நுழையும் இடத்திலேயே இருப்பதுதான் காரணம். ஆகவே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்த்த பிறகே முடிவெடுக்கப்படுகிறது.

கன்னத்தின் வழியே ஊசி செலுத்தி, வெப்பத்தாலோ, கிளிசராலாலோ, சிறு பலூனாலோ நரம்பை மட்டுப்படுத்துவது மற்றொரு முறை. நிவாரணம் விரைவில் கிட்டும்; முகத்தில் மரத்த உணர்வு தங்கக்கூடும்; வலி திரும்பினால் மீண்டும் செய்யலாம். 'காமா நைஃப்' கதிர்வீச்சில் கத்தியில்லை; எனினும் பலன் தெரியச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். தில்லி எய்ம்ஸில் 1997 முதல் இவ்வசதி உள்ளது. சண்டீகர், பெங்களூரு போன்ற நகரங்களிலும் உண்டு.

நரம்பியல் நிபுணர்கள் பெருநகரங்களிலேயே குவிந்திருக்கும் நாட்டில், உயர்தரக் கருவியை மாவட்டந்தோறும் நிறுவுவது எளிதன்று. ஆனால், பல்லைப் பிடுங்கும் முன் நரம்பைச் சந்தேகிக்கும் மருத்துவரும், தட்டுப்பாடில்லாத மாத்திரையும், உரிய நேரத்தில் மேல்சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாடும் மாவட்ட மருத்துவமனைக்கு எட்டாதவை அல்ல. 25ஆவது பிரிவு குறிப்பிடும் 'அருகில்' என்ற சொல், அங்கிருந்துதான் பொருள் பெறத் தொடங்கும்.